எல்லாவற்றுக்கும் இன்லைன் போட்டேன், ரவுட்டர் மெதுவாகிவிட்டது. எங்கே தப்பு?

பேட்டைப் பையன் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் நாலைந்து தெருவுக்கு நெட் கொடுக்கும் ஒரு கேபிள்காரருக்குச் சின்னதாக ஒரு கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்து ஓடும் துண்டு நிரல்) எழுதிக் கொடுத்தேன். கெர்னலில் பாக்கெட்டுகளைச் சோதிக்கும் நெட்ஃபில்டரில் ஒரு ஹுக், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓடும் கொக்கி. வருகிற பாக்கெட் எந்த வீட்டுடையது என்று ஹாஷ் டேபிளில் தேடி, பைட் கணக்கை ஏற்றிவிட்டு, பாக்கெட்டை அதன் வழியில் விட்டுவிடும். அவ்வளவுதான் வேலை. பெட்டியில் இருப்பது எம்டி7621 சிப், 880 மெகாஹெர்ட்ஸ்.

முதல் பதிப்பு ஒழுங்காக ஓடியது. சும்மா இருந்திருக்கலாம். ஃபங்ஷன் கால் (ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடுவது) என்றாலே செலவு என்று எங்கோ படித்ததை நம்பி, மாட்யூலில் இருந்த 11 ஃபங்ஷனுக்கும் 'ஆல்வேஸ் இன்லைன்' போட்டுவிட்டேன், அதாவது கூப்பிடும் இடத்திலெல்லாம் ஃபங்ஷனின் உடம்பையே ஒட்டச் சொல்லிவிட்டேன். தேடல் ஃபங்ஷனை மட்டும் 7 இடத்தில் அழைக்கிறேன். இப்போது சின்ன பாக்கெட் சோதனையில் வேகம் கூடவில்லை, குறைந்திருக்கிறது. பெரிய பாக்கெட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு கால் கூட இல்லாத கோடு எப்படி மெதுவாக ஓடும்?

---

கேடிசி நகர் | செவ்வாய், இரவு 9.52

கட்டளைகள் இருக்கும் டெக்ஸ்ட் பகுதியின் அளவு முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு? அதைச் சொல்லாவிட்டால் இங்கே ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

---

பேட்டைப் பையன் | செவ்வாய், இரவு 10.05

பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

---

வண்ணார்பேட்டை அண்ணாச்சி | செவ்வாய், இரவு 11.20

தம்பி, முதலில் கணக்குப் போடுவோம். இந்தக் கணக்கைப் போடாமல் நெட்வொர்க் கோடில் கை வைக்கக் கூடாது என்று நான் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஈதர்நெட்டில் ஆகச் சின்ன ஃபிரேம் 64 பைட். முன்னால் 8 பைட் பிரியாம்பிள், பின்னால் 12 பைட் இடைவெளி, ஆக வயரில் 84 பைட், 672 பிட். 1 ஜிகாபிட் லைனில் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 672 நானோ செகண்ட். செகண்டுக்கு 14.88 லட்சம் பாக்கெட். உன் பெட்டியின் 880 மெகாஹெர்ட்ஸில் 672 நானோ செகண்ட் என்றால் சுமார் 590 சைக்கிள். அந்த 590க்குள் டிரைவர், நெட்ஃபில்டர், கனெக்‌ஷன் டிராக்கிங், ரூட்டிங், திரும்பவும் டிரைவர், இதற்கு நடுவில் உன் மாட்யூல் எல்லாம் முடிய வேண்டும். நிஜத்தில் முடியாது, அதனால்தான் அந்த மாதிரி பெட்டியில் வன்பொருள் ஆஃப்லோடு (ப்ராசஸரைத் தொடாமல் சிப்பே பாக்கெட்டை அனுப்பும் வழி) வைத்திருக்கிறார்கள். அது வேறு கதை.

பெரிய ஃபிரேம் 1518 பைட், வயரில் 1538. ஒரு பாக்கெட்டுக்கு 12.3 மைக்ரோ செகண்ட், அதாவது பத்தாயிரம் சைக்கிளுக்கு மேல். உன் கோடு நூறு சைக்கிளைக் கூடுதலாகத் தின்றாலும் அங்கே யார் கண்ணிலும் படாது. பெரிய பாக்கெட்டில் வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

இப்போது மெதுவானது ஏன் என்பதற்கு வருவோம். அந்தச் சிப்பில் ஒரு கோருக்குக் கட்டளைக் கேஷ், அதாவது கட்டளைகளைக் கையருகே வைத்திருக்கும் வேக நினைவகம், 32 கேபி. அந்தச் சிப்பின் மிப்ஸ் வகையில் ஒரு கட்டளை 4 பைட். ஆக மொத்தம் 8192 கட்டளைக்குத்தான் இடம், அதுவும் உனக்கு மட்டும் இல்லை, முழு கெர்னலுக்கும். உன் தேடலை 7 இடத்தில் ஒட்டினாய் அல்லவா, ஒரே வேலையைச் செய்யும் 7 நகல் இப்போது 7 முகவரியில் உட்கார்ந்திருக்கிறது. கேஷுக்கு அவை ஒன்றே என்று தெரியாது. ஒரு நகல் உள்ளே வரும்போது ரூட்டிங் கோடை வெளியே தள்ளும், அடுத்த பாக்கெட்டுக்கு ரூட்டிங் கோடு மறுபடி வெளியே இருந்து வர வேண்டும். நீ மிச்சம் பிடித்தது கால் ஒன்றுக்குச் சில சைக்கிள். கேஷில் இல்லாமல் மெமரிக்குப் போனால் ஒரே தடவையில் அதைப் போலப் பல மடங்கு போய்விடும்.

நம்ம ஊர் வழக்கில் சொன்னால், ஜங்ஷனில் இருந்து வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த்தான் நாகர்கோவில் வண்டி ஏற வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். அந்த அலைச்சல்தான் கால் செலவு. அதற்காக ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு பஸ் ஸ்டாண்ட் கட்டினால் பஸ் எங்கே ஓடும்?

---

கேடிசி நகர் | புதன், காலை 7.15

பஸ் ஸ்டாண்ட் உவமை நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி, ஆனால் பாதி உண்மைதான். கெர்னலைத் தாண்டிப் பாக்கெட்டைக் கையாளும் டிபிடிகே லைப்ரரியின் ஹெடர்களைத் திறந்து பாருங்கள். பாக்கெட் பஃபரைத் தொடுகிற ஃபங்ஷன்கள் பெரும்பாலும் ஸ்டாடிக் இன்லைன். 10 ஜிகாபிட்டில் ஒரு சின்ன பாக்கெட்டுக்கு 67.2 நானோ செகண்ட். 3 ஜிகாஹெர்ட்ஸ் மெஷினில் 200 சைக்கிள். அங்கே பாக்கெட்டுக்குப் பத்து கால் போட்டால் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும். இன்லைன் வேண்டாம் என்று மொத்தமாகச் சொல்லி ஒரு சின்னப் பையனைப் பயமுறுத்த வேண்டாம்.

---

வண்ணார்பேட்டை அண்ணாச்சி | புதன், காலை 7.31

வேண்டாம் என்று எங்கேவே சொன்னேன்? தெருமுனைக்கு ஒன்று வேண்டாம் என்றேன். டிபிடிகேயில் பாக்கெட் வாங்குகிற ஃபங்ஷன் இன்லைன்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குள்ளே போய்ப் பாரும், டிரைவரை ஃபங்ஷன் பாயிண்டர் (ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறி) வழியாகத்தான் கூப்பிடுகிறது. அது ஏன் வலிக்கவில்லை? ஒரு கூப்பிடலில் 32 பாக்கெட்டை அள்ளிக்கொண்டு வருவதால். காலை ஒழித்து அவர்கள் ஜெயிக்கவில்லை, கால் செலவை 32ஆல் வகுத்து ஜெயித்தார்கள்.

விபிபி என்று இன்னொரு பாக்கெட் மென்பொருள் இருக்கிறது, அவர்கள் இன்னும் ஒரு படி மேலே. 256 பாக்கெட் வரை ஒரு கட்டாகச் சேர்த்து, ஒரு கட்ட வேலையை அத்தனைக்கும் முடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். முதல் பாக்கெட் கட்டளைக் கேஷைச் சூடாக்கிக் கொடுக்கும், மீதிப் பாக்கெட்டுகள் அந்தச் சூட்டில் ஓடிவிடும். 2018இல் லினக்ஸ் 4.19லும் பாக்கெட்டுகளைப் பட்டியலாக மேலே அனுப்பும் வழி வந்தது, அதே யோசனைதான்.

---

சாரல் | புதன், மதியம் 1.10

தென்காசியில் இருந்து. கம்பைலர் பக்கம் வேலை பார்ப்பவள் என்பதால் ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

இன்லைனின் லாபம் கால் கட்டளையை ஒழிப்பது என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அது சில்லறை. உண்மையான லாபம், உள்ளே வரும் மதிப்பு கம்பைலருக்குத் தெரிந்துவிடுவது. கெர்னலில் மெமரி கேட்டு வாங்கும் கேமேலாக்கைப் பாருங்கள். அளவு மாறிலியாக (எழுதும்போதே தெரிந்த எண்ணாக) இருந்தால் எந்த ஸ்லாப் (ஒரே அளவுத் துண்டுகளின் கிடங்கு) என்று தேடும் வேலை முழுக்க கம்பைல் நேரத்திலேயே கரைந்து, ஒரே ஒரு நேரடி அழைப்பு மிஞ்சும். அங்கே இன்லைன் செய்வதால் கோடு சுருங்குகிறது. பேட்டைத் தம்பியின் தேடலில் உள்ளே வருவது ஐபி முகவரி. அது ஓடும்போதுதான் தெரியும். ஒட்டுவதால் கரைவதற்கு அதில் எதுவும் இல்லை, நகல்தான் பெருகும்.

லினக்ஸ் கோடிங் ஸ்டைல் ஆவணத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே உண்டு, தலைப்பிலேயே 'இன்லைன் வியாதி' என்று போட்டிருப்பார்கள். மூன்று வரிக்கு மேலே போகிற ஃபங்ஷனுக்கு இன்லைன் போடாதே என்பது அவர்கள் கணக்கு. மாறிலி விஷயம் மட்டும் விதிவிலக்கு, அதற்கு அவர்கள் காட்டும் உதாரணமும் இந்த கேமேலாக்தான். ஒரே இடத்தில் கூப்பிடும் ஸ்டாடிக் ஃபங்ஷனுக்கு நீங்கள் எழுதவே வேண்டாம், ஜிசிசி கம்பைலர் தானே செய்துகொள்ளும் என்றும் இருக்கிறது.

அப்புறம், வெறும் 'இன்லைன்' என்பது இப்போது ஒரு வேண்டுகோள்தான். 5.4 கெர்னலில் இருந்து முடிவைக் கம்பைலரிடமே விட்டுவிட்டார்கள். நீங்கள் போட்டது 'ஆல்வேஸ்', அது கட்டளை. கம்பைலருக்கு வாயைத் திறக்க உரிமை இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த 11 ஃபங்ஷனும் ஒரு ஹெடரில் இருக்கிறதா? எத்தனை சி ஃபைல் அதைச் சேர்க்கிறது?

---

பேட்டைப் பையன் | புதன், மதியம் 1.45

ஆமாம் அக்கா, ஹெடரில்தான். மூன்று ஃபைல். ஏன் கேட்கிறீர்கள்?

---

சாரல் | புதன், மதியம் 1.58

லாக் எழுதும் ஃபங்ஷனில் ரேட்லிமிட் வைத்திருப்பீர்கள் என்று ஒரு ஊகம். அதன் எண்ணிக்கை ஒரு ஸ்டாடிக் மாறியில் இருக்கும். ஸ்டாடிக் இன்லைனை ஹெடரில் வைத்தால் ஒவ்வொரு சி ஃபைலுக்கும் அந்த மாறி தனித்தனி. செகண்டுக்கு பத்து வரி போதும் என்று நீங்கள் நினைத்திருந்தால் முப்பது வரும்.

---

பேட்டைப் பையன் | புதன், மதியம் 2.03

அய்யோ. லாக் ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கேபிள்காரர் வேறு தினமும் போன் போட்டுத் திட்டினார்.

---

முக்கூடல்காரி | புதன், இரவு 8.30

முழு இழையும் இப்போதுதான் படித்தேன். டிரைவர் எழுதிப் பிழைப்பவள் நான். எல்லோரும் இன்லைன் வேண்டுமா வேண்டாமா என்றே பேசுகிறீர்கள். கெர்னல் நெட்வொர்க் கோடு எழுதியவர்கள் வேறு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: ஒரு ஃபங்ஷனில் எந்தத் துண்டு இன்லைன், எந்தத் துண்டு வெளியே?

பிஎஸ்கேபி_மே_புல் என்று ஒன்று உண்டு. பாக்கெட்டின் தலைப்பகுதியில் இத்தனை பைட் நேரே படிக்கும்படி இருக்கிறதா என்று கேட்கும் ஃபங்ஷன். ஐபி, டிசிபி, யுடிபி என்று நெறிமுறைக் கோடு முழுக்க இது வரும். அதன் உடம்பு மூன்றே படி. கேட்ட நீளம் நேர்ப்பகுதிக்குள் அடங்கினால் சரி என்று திரும்பும், இது 'லைக்லி', அடிக்கடி நடப்பது என்று கம்பைலருக்கு ஒரு குறிப்பு. பாக்கெட்டின் மொத்த நீளத்தையே தாண்டினால் முடியாது என்று திரும்பும், இது 'அன்லைக்லி'. இரண்டும் இல்லாமல், பைட்டுகள் துண்டு துண்டான பக்கங்களில் சிதறிக் கிடந்தால், இழுத்து ஒன்றுசேர்க்க ஒரு பெரிய ஃபங்ஷனைக் கூப்பிடும். அந்தப் பெரியது இன்லைன் இல்லை, எஸ்கேபஃப் சி ஃபைலில் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. கூப்பிடும் இடத்தில் வழக்கமாக ஓடுவது ஒரு கழித்தலும் ஒரு ஒப்பீடும் ஒரு தாவலும்தான். பெரும்பாலான பாக்கெட் அதோடு போய்விடும்.

எஸ்கேபி_புட் கதை இதற்கு நேர் எதிர். பார்த்தால் சின்ன ஃபங்ஷன், வாலை நகர்த்தி நீளத்தைக் கூட்டும். முன்பு அதுவும் ஹெடரில் இன்லைனாகத்தான் இருந்தது. கெர்னல் முழுக்க ஏகப்பட்ட இடத்தில் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொரு இடத்திலும் அளவு மீறினால் பேனிக் செய்து கெர்னலையே நிறுத்தும் சோதனையும் கூடவே ஒட்டிக்கொண்டது. 2008இல் அதை வெளியே எடுத்தார்கள், கெர்னல் நன்றாக இளைத்தது. சோதனை தேவையில்லாதவர்களுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட சின்ன வடிவம் இன்றும் இன்லைனாகவே இருக்கிறது.

அதனால் பேட்டைத் தம்பி, உன் ஹுக்கில் 'இந்த வீடு போன பாக்கெட்டில் பார்த்த அதே வீடுதானா' என்கிற ஒரு ஒப்பீட்டை இன்லைனாக வை. ஹாஷ் தேடல் வெளியே. புது வீடு சேர்ப்பது, பிழை லாக் எழுதுவது இரண்டுக்கும் 'நோஇன்லைன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவை. லாக் ஃபங்ஷனுக்குள் கேரக்டர் அரே ஏதாவது இருக்கிறதா?

---

பேட்டைப் பையன் | புதன், இரவு 8.52

இருக்கிறது அக்கா. 128 பைட். செய்தியைக் கோத்து எழுதுவதற்கு.

---

முக்கூடல்காரி | புதன், இரவு 9.10

அப்படியென்றால் அப்ஜ்டம்ப் (கம்பைல் ஆன கோடைக் கட்டளை கட்டளையாகக் காட்டுவது) எடுத்து ஹுக் ஃபங்ஷனின் முதல் பத்து வரியைப் பார். ஸ்டாக் (ஃபங்ஷனின் உள்ளூர் மாறிகள் இருக்கும் மெமரி) வழிந்தால் பிடிக்கும் ஸ்டாக் ப்ரொடெக்டர் ஸ்ட்ராங் போட்ட கெர்னல் என்றால், உள்ளூர் அரே உள்ள எந்த ஃபங்ஷனுக்கும் காவல் மதிப்பை வைத்துத் திரும்பும்போது சரிபார்க்கும் வேலை சேர்ந்துவிடும். லாக் ஃபங்ஷனை ஹுக்கோடு ஒட்டியதால் அந்த அரே இப்போது ஹுக்குடையது. லாக் எழுதாத பாக்கெட்டும் காவல்காரனுக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் போகிறது.

ஸ்டாக் இடமும் போகும். 32 பிட் மிப்ஸில் கெர்னல் ஸ்டாக் 8 கேபிதான். இதற்கென்றே கெர்னலில் 'நோஇன்லைன்_ஃபார்_ஸ்டாக்' என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் வெறும் நோஇன்லைன்தான், படிப்பவருக்குக் காரணம் தெரியட்டும் என்று பெயர் மட்டும் நீளம்.

---

கேடிசி நகர் | புதன், இரவு 9.25

காவல்காரன் விஷயம் எனக்கே புதிது. குறித்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எக்ஸ்86 சர்வர் பக்கம் 2018க்குப் பிறகு நிஜமான அடி கேஷில் இருந்து வரவில்லை, ஃபங்ஷன் பாயிண்டரில் இருந்துதான் வந்தது என்பது என் அனுபவம். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

---

முக்கூடல்காரி | புதன், இரவு 9.48

பேசலாமே. அண்ணாச்சியின் பஸ் ஸ்டாண்டையே எடுத்துக்கொள்கிறேன். நாகர்கோவில் வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று தினமும் போகிறவர் கேட்கவே மாட்டார், கால் தானாக நடக்கும். பாயிண்டர் வழியான மறைமுக அழைப்பை ப்ராசஸர் ஊகிப்பது அப்படித்தான். அந்த ஊகத்தை வெளி ஆள் திசைதிருப்பி ரகசியத்தைத் திருடலாம் என்று 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் வந்தது. மருந்தாக ரெட்போலின் வந்தது. ரெட்போலின் என்றால், இருபது வருடம் தினம் போகிறவரும் வாசலில் நின்று விசாரணைக் கவுண்டரில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நெட்வொர்க் அடுக்கு முழுக்க பாயிண்டர்தான். ஒரு பாக்கெட் மேலே ஏற ஐந்தாறு இடத்தில் வாசலில் நிற்க வேண்டியதாகிவிட்டது. 5.0 கெர்னலில் ஒரு மேக்ரோ வைத்துச் சமாளித்தார்கள். பாயிண்டரில் இருப்பது டிசிபியின் ஃபங்ஷனா? ஆம் என்றால் அதைப் பெயர் சொல்லி நேரே கூப்பிடு. யுடிபியுடையதா? அதையும் நேரே கூப்பிடு. இரண்டும் இல்லையென்றால் மட்டும் பாயிண்டர் வழியே போ. ஒரு ஒப்பீட்டுக்கு ஆகும் செலவில் கவுண்டரைத் தாண்டிவிட்டார்கள். 5.10இல் ஸ்டாடிக் கால் வந்தது, அது ஓடுகிற கோடிலேயே முகவரியைத் திருத்தி எழுதிவிடும்.

ஆனால் பேட்டைத் தம்பியின் மிப்ஸ் பெட்டிக்கு ரெட்போலின் கிடையாது. அவனுக்கு இதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம் என்றுதான் விட்டேன்.

---

பேட்டைப் பையன் | வெள்ளி, இரவு 10.15

இரண்டு நாள் கரண்ட் போய்ப் போய் வந்ததால் தாமதம்.

முக்கூடல் அக்கா சொன்னபடி அப்ஜ்டம்ப் பார்த்தேன். ஹுக் தொடங்கியதும் ஸ்டாக்கை இறக்கும் வரி, அடுத்து வரிசையாக ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் வரிகள், கூடவே ஸ்டாக் காவல் மதிப்பை எடுத்து வைக்கும் வரிகள். பாக்கெட்டின் தலைப்பைத் தொடும் முன்னாலேயே இவ்வளவும். கடைசியில் அதே ரெஜிஸ்டர்களைத் திரும்ப எடுக்கும் வரிசை. பழைய பதிப்பில் இதில் பாதிகூட இல்லை.

மாற்றியவை: லாக், புது வீடு சேர்ப்பு இரண்டும் நோஇன்லைன், ஹெடரில் இருந்து சி ஃபைலுக்கும் மாற்றிவிட்டேன். தேடல் சாதாரண ஃபங்ஷன். 'அதே வீடா' ஒப்பீடு மட்டும் இன்லைன். மீதிக்கு எதுவும் எழுதவில்லை, கம்பைலர் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு பதிப்பின் அளவை ஒப்பிடும் ப்ளோட்-ஓ-மீட்டர் ஓட்டினால் கழித்தல் குறிகளாகவே வருகிறது. சின்ன பாக்கெட் சோதனையில் முதல் பதிப்பைவிடவும் கொஞ்சம் மேலே வந்துவிட்டது. லாக்கும் அடங்கிவிட்டது.

ஒரு புதுக் குழப்பம். கணக்கு ஏற்றும் ஃபங்ஷன் எத்தனை தடவை ஓடுகிறது என்று கேப்ரோப் (ஓடும் கெர்னலில் ஃபங்ஷனைக் கண்காணிக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் பாக்கெட் எண்ணிக்கையில் சுமார் பாதிதான் காட்டுகிறது. ஆனால் பைட் கணக்கு சரியாக இருக்கிறது. பாதி பாக்கெட் எங்கே போகிறது?

---

சாரல் | வெள்ளி, இரவு 10.40

எங்கேயும் போகவில்லை. அந்த ஃபங்ஷனை இரண்டு இடத்தில் கூப்பிடுகிறீர்களா? ஒன்றில் கம்பைலர் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் கால் விட்டிருக்கும். கேப்ரோப் உட்காருவது தனியாக நிற்கும் நகலின் வாசலில். ஒட்டிய இடத்துக்கு வாசலே இல்லை. முழுக்க ஒட்டியிருந்தால் பெயரே காலசிம்ஸ் என்ற கெர்னல் பெயர்ப் பட்டியலில் இருக்காது, ப்ரோப் வைக்கும்போதே பிழை வந்திருக்கும், நீங்களும் உடனே பிடித்திருப்பீர்கள். பாதி ஒட்டியதுதான் பொல்லாதது, சத்தம் போடாமல் பொய் சொல்லும்.

காலசிம்ஸில் அந்தப் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 'பார்ட்' அல்லது 'கான்ஸ்ட்ப்ராப்' என்று ஒட்டு ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கம்பைலர் ஃபங்ஷனை வெட்டித் தனி வடிவம் செய்திருக்கிறது, அசல் பெயரில் வைத்த ப்ரோப் அதையும் பார்க்காது.

அளக்கும்போது மட்டும் நோஇன்லைன் போட்டு எண்ணிவிட்டு எடுத்துவிடுங்கள். ஆனால் அந்த பில்டில் வேகம் அளக்காதீர்கள், அது வேறு நிரல்.

---

பேட்டைப் பையன் | வெள்ளி, இரவு 11.05

இரண்டு இடம்தான் அக்கா, உள்வரும் பாக்கெட்டுக்கு ஒன்று, வெளிச்செல்வதற்கு ஒன்று. நோஇன்லைன் போட்டதும் எண்ணிக்கை பாக்கெட்டுக்குப் பாக்கெட் சரியாக வந்துவிட்டது.

---

வண்ணார்பேட்டை அண்ணாச்சி | சனி, காலை 6.50

நல்லது தம்பி. அந்த 'அதே வீடா' ஒப்பீட்டில் கடைசியாகப் பார்த்த வீட்டை எங்கே சேமிக்கிறாய்? ஒரே குளோபல் மாறி என்றால் இரண்டு கோரும் அந்த ஒரு கேஷ் வரியை மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டிருக்கும். கோருக்கு ஒன்றாக வை. அதைப் பற்றித் தனி இழை தொடங்கு, இங்கே வேண்டாம். எனக்குக் குற்றாலத்துக்கு வண்டி நிற்கிறது, சாரல் விழுகிறதாம். தென்காசி அம்மாவைச் சொல்லவில்லை, நிஜச் சாரல்.